தார்ப்பாய்க் கூரை

மாந்தர்க்கு உணவும் உடையும் எத்துணை இன்றியமையாதனவோ அத்துணை இன்றியமையாதது உறையுளும் ஆகும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் வீட்டிற் பிறந்து, வீட்டில் வளர்ந்து, விடுதியிற் படிக்கும் நம்மனோர், கூரை என்பது தலைக்குமேல் தானே இருப்பதொன்று என எண்ணி, அதனைப்பற்றி ஒரு கணமேனும் சிந்திப்பதில்லை. அதனைத் தம் கையாற் கட்டவேண்டிய நாள் வரும்போதுதான் அஃது எத்துணை நுட்பமான பொருள் என்பது புலனாகும். யான் இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது அத்தகைய இரவொன்று எனக்கு வாய்த்தது. மலர்க்குழுவினர், பழைய மாணவன் என்னும் உரிமை பாராட்டி, என்னிடம் ஒரு கட்டுரை வேண்டினமையின் அவ்விரவைப்பற்றி ஈண்டு எழுதத் துணிந்தேன். அதில் என் பிழையே பெரிது. ஆகவே தற்புகழ்ச்சி என்று எவரும் குறைகூற இடமில்லை.

2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், தாவரவியல் மாணவராகிய யாங்கள் பதினொருவர், ஆசிரியர் ஒருவரோடு, கீழ்ப்பழனி மலையிலுள்ள தாண்டிக்குடிக்குச் செடிகொடிகளைக் கண்டு குறிப்பெடுக்கச் சென்றோம். வத்தலக்குண்டிலிருந்து பேருந்து வளைந்து வளைந்து ஏறுங்கால், புளியும் வேம்பும் பின்தங்கிப் போக, மலைவாழையும் காப்பியும் எதிர்ப்பட்டன. அவ்வூர் கடல்மட்டத்திற்கு நாலாயிரம் அடிக்குமேல் உயர்ந்தது. காப்பிச் செடிகளுக்கு நிழலாகச் சில்வர் ஓக் மரங்களை வளர்த்து, அவற்றின்மேல் மிளகுக்கொடியை ஏற்றிவிட்டிருந்தனர். காட்டினுள் தங்குவதற்கு வனத்துறையாரின் அனுமதி வேண்டும். அஃது எங்களிடம் இல்லை. ஆகையால் தோழன் ஒருவனுடைய தாய்மாமனின் காப்பித் தோட்டத்தில் தங்குவதாக ஏற்பாடாயிற்று. ஆசிரியரும் ஐவரும் காப்பிக்கொட்டை வைக்கும் கிடங்கிற் படுப்பது என்றும், வெட்டவெளியிற் படுக்க ஆசைப்பட்ட யாங்கள் அறுவர் ஓடைக்கு அப்பாலுள்ள மேட்டில் தார்ப்பாய் கட்டிப் படுப்பது என்றும் முடிவு செய்தோம். ஆசிரியர் என்னை நோக்கி, "கூரை கட்டும் பொறுப்பு உன்னுடையது" என்றார். வேறொன்றும் கூறினாரல்லர்.

அவ்வறுவருள் ஒருவன் முதலாண்டு மாணவன். எங்கள் தெருப் பையன். மெலிந்த உடம்பினன், எதற்கும் எதிர்த்துப் பேசாதவன். அவனுடைய அன்னையார் பேருந்து நிலையத்திற்கே வந்து, "இவன் மலையே பார்த்ததில்லை, தம்பி. உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்" என்று சொல்லி, முறுக்குப் பொட்டலம் ஒன்றை என் கையிலே தந்தார். அவன் கொண்டுவந்தது மெல்லிய பருத்திப் போர்வை ஒன்றே. நல்ல கம்பளி ஒன்று எடுத்து வரும்படி அவனுக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டியவன் யான். முறுக்கு மட்டும் திண்டுக்கல் தாண்டுமுன் தீர்ந்துவிட்டது.

தார்ப்பாயை வத்தலக்குண்டுக் கடைத்தெருவில் வாங்கினோம். நீலநிறப் பாலித்தீன் விரிப்பு. நீளம் 15 அடி, அகலம் 12 அடி. ஓரத்தில் மூன்றடிக்கு ஒரு கண் வைத்து உலோக வளையம் அடித்தது. இப்பெயரைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். கப்பலோட்டிகள் பழைய நாளிற் கித்தான் துணிக்குத் தார் பூசி, நீர் புகாவண்ணம் செய்து, சரக்குகளை மூடினர். ஆங்கிலப் பெயரின் முற்பகுதி அத்தாரைக் குறிப்பதே. நம்மவர் அதற்குத் தார்ப்பாய் என்று பெயரிட்டபோது, 'பாய்' என்பது படுக்கும் பாயையும் குறிக்கும், மரக்கலத்துப் பாயையும் குறிக்கும் என்பதை எண்ணித்தான் இட்டனரோ அறியேன். இப்போதைய பாலித்தீன் விரிப்பில் தாரும் இல்லை, கித்தானும் இல்லை. ஆனால் அது பாய் என்பதை, அதாவது காற்றுப் பிடித்தால் கப்பலையே இழுக்கவல்ல பாய்மரப்பாயின் இனம் என்பதை, அன்றிரவு எங்களுக்கு நன்றாகவே உணர்த்திற்று.

புறப்படுமுன் நூல்நிலையத்தில் இவ்விஷயமாக நூல் ஒன்றைப் புரட்டிப் பார்த்திருந்தேன். அதனால் எனக்குச் சிறிது இறுமாப்பும் உண்டு. விரிப்பு ஒன்றே ஆயினும் அதனைக் கட்டும் வகை பல. இரு மரங்களுக்கிடையே கயிற்றை முகடாகக் கட்டி, அதன்மேல் விரிப்பைப் போட்டு, இருபுறமும் சரியவிட்டு, ஓரங்களை முளையடித்துக் கட்டுவது இருசரிவுக் கூரை. முகட்டுக் கயிற்றிலே விரிப்பின் ஓர் ஓரத்தைக் கட்டி, மறு ஓரத்தை நிலத்தோடு அறைந்துவிட்டால், நம் வீட்டுப் பின்புறத்தில் இறக்கும் சாய்ப்புப் போல ஒருபுறம் மூடி ஒருபுறம் திறந்திருக்கும். எதிரிலே தீ மூட்டிக் குளிர்காய அஃது ஏற்றது. ஆனால் காற்றுத் திசை மாறிற்றோ, புகையும் மழையும் ஒருங்கே உள்ளே வரும். ஒரு மூலையை மட்டும் மரத்திற் கட்டி, அதற்கு நேர் எதிர்மூலையைக் காற்று வரும் திசையிலே நிலத்தில் அறைந்து, மற்றை இரு மூலைகளையும் பக்கங்களில் இழுத்துக் கட்டினால், ஏர்க்கொழுவைக் கவிழ்த்தாற்போன்ற வடிவம் கிடைக்கும். காற்று அதன்மேல் வழுக்கிச் செல்லும். ஆயின் இருவர் மூவர்க்கே இடமுண்டு. நான்கு மூலைகளையும் உயர்த்திக் கட்டுவது பந்தல். அது வெயிலுக்கு நன்று.

இவற்றுள் யான் தேர்ந்தது எது என்பதை வாசகர் ஊகித்திருப்பர். அம்மேட்டின் கிழக்கு விளிம்பிலிருந்து பார்த்தால் சமவெளி முழுதும் தெரியும். இருட்டியபின் ஊர்களின் விளக்குகள் சிதறிய மணிகள்போல மின்னும் என்று தோட்டத்தார் கூறியிருந்தனர். படுத்தபடியே அதனைக் காணவேண்டும் என்பது என் அவா. ஆகவே மேட்டின் விளிம்பிலேயே, சில்வர் ஓக் மரங்கள் இரண்டிலும் நட்ட கழிகள் இரண்டிலும் மூலைகளை ஆறடி உயரத்திற் கட்டி, ஒரு பந்தல் எழுப்பினேன். தேனிப் பக்கத்துத் தோழன் ஒருவன், "ஐப்பசி மாதம், கிழக்கே மேகம் தெரிகிறது, தாழ்த்திக் கட்டுவோம், கீழே அந்தப் பலாமரங்களின் மறைவிலே கட்டுவோம்" என்றான். யான், "பொந்துக்குள் படுக்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று ஏளனமாகக் கேட்டேன். மற்றையோர் சிரித்தனர். சிரிப்பைப் பெற்றவன் வாதத்திலும் வென்றவனாகவே கருதப்படுகிறான். கல்லூரி விவாத மேடையிலும் இதனைக் கண்டிருக்கிறேன்.

பொழுது சாயும் வேளையில் தோட்டக் காவற்காரர் அவ்வழியே வந்தார். அறுபது வயதிற்கு மேற்பட்டவர். இளமையில் லாரியிற் கிளீனராக இருந்து, மலையிலிருந்து வாழைத்தாரும் காப்பியும் ஏற்றிச் சென்றவர் என்று பின்னர் அறிந்தேன். காட்டுமாடு வராமற் பார்த்துக்கொள்ளச் சற்றுத் தொலைவில் ஒரு பரண் கட்டி, இரவில் அதில் முடங்கிக் கிடப்பார். எங்கள் பந்தலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கலியாணம் யாருக்குத் தம்பி?" என்று கேட்டார். பின்பு கயிறொன்றைச் சுண்டிப் பார்த்து, அண்ணாந்து மரக்கிளைகளையும் பார்த்து, "இந்த மரம் காற்றடித்தால் கொப்பை முறித்துப் போடும். மழை வந்தால் ஒரு குரல் கொடுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். மூத்தோர் ஒருவர் வலியக் கூறிய சொல்லைக் கேட்டபின்னும் யான் ஒரு முடிச்சையேனும் மாற்றவில்லை.

விளக்குகளைக் கண்டோம் என்பது உண்மை. ஒரு மணி நேரம் கண்டோம். பிறகு மேகம் கீழிருந்து ஏறி வந்து யாவற்றையும் மறைத்தது. பத்து மணியளவில் தூறலாகத் தொடங்கிய மழை, அரைமணியிற் பெருமழையாயிற்று. பந்தல் தட்டையானது, நடுவிலே நீர் தேங்கித் தொட்டில்போலத் தொங்கலாயிற்று. இதனைப் பிற்பாடு கணக்கிட்டுப் பார்த்தேன்: 15 அடிக்கு 12 அடியான விரிப்பின் பரப்பு ஏறக்குறைய 16.7 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்து, நீர் முழுதும் அதிலேயே தங்குமாயின், 167 லிட்டர் ஆகும். அஃதாவது 167 கிலோகிராம் எடை. இரண்டு ஆட்களைத் தூக்கி நம் கூரைமேற் படுக்கவைத்தாற்போலும் என்க. அன்று எங்களுக்குக் கணக்குத் தோன்றவில்லை. ஒருவன் கோலால் அடியிலிருந்து குத்தித் தள்ளினான். நீர் ஒருபக்கமாகப் புரண்டு, விளிம்பிற் படுத்திருந்தவர்மேல் அருவியாக விழுந்தது. விளிம்பிற் படுத்திருந்தவன் யார்? எல்லாரினும் இளையவனே. நடுவிடத்தை மூத்தோர் யாங்கள் முன்னரே பங்கிட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்துக் காற்று வந்தது. கிழக்கிலிருந்து மலைச்சரிவின் வழியே மேலேறிய காற்று, விளிம்பிலே கட்டிய பந்தலின் அடிவயிற்றிற் புகுந்து அதனைத் தூக்கிற்று. காற்றின் வேகம் இருமடங்காயின் அதன் தாக்கு நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிக வகுப்பிற் படித்திருந்தேன்; படித்ததற்கும் அறிந்ததற்கும் எவ்வளவு தூரம்! மூலைக்கண் ஒன்று உலோக வளையத்தோடு பிய்ந்தது. விரிப்பு மூன்று கயிறுகளில் நின்று, துப்பாக்கி வெடிப்பதுபோல் ஒலித்துப் படபடவென்று அடித்தது. மறுகணமே கழியொன்று சாய்ந்தது. யாங்கள் அறுவரும் தலை முதற் கால் வரை நனைந்து நின்றோம். கிடங்கிற்கு ஓடலாம் என்றால், மாலையிற் கணுக்காலளவு ஓடிய ஓடை இருளிலே இரைந்துகொண்டிருந்தது. அதில் இறங்க எவனுக்கும் துணிவில்லை. இறங்காதது நன்றே.

இளையவன் முதலில் நடுங்கினான். அது யாவர்க்கும் இருந்தது. சிறிது நேரத்தில் அவனை ஏதோ கேட்டேன். அவன் கூறிய விடை எனக்கு விளங்கவில்லை; நா தடித்தவன்போற் குழறினான். நனைந்த சட்டையைக் கழற்றச் சொன்னேன். அவன் விரல்கள் பொத்தானைப் பற்றமாட்டாமல் தடுமாறின. நம் உடம்பின் உள்வெப்பம் இயல்பாக 37 பாகை செல்சியசு அளவில் நிற்பது. அது 35க்குக் கீழே இறங்குமாயின் உயிருக்கு அபாயம் தொடங்கும். பனி பொழியும் நாடுகளில்தான் இது நேரும் என்பது பலரின் எண்ணம். பனியே வேண்டியதில்லை, நனைந்த துணியும், வீசும் காற்றும், மெலிந்த உடம்பும் சேர்ந்தால் நம் மலைகளிலும் நேரும். அன்று எனக்கு இவை ஒன்றும் தெரியா. பேருந்து நிலையத்தில் நின்ற அவ்வம்மையாரின் முகமே கண்முன் வந்தது. யான் காவற்காரர் பரண் இருந்த திசையை நோக்கி உரக்கக் கூவினேன். என் வாழ்நாளில் அவ்வாறு கூவியது அஃது ஒருமுறைதான்.

அவர் அதற்குமுன்பே புறப்பட்டிருந்தார் போலும். கோணிச்சாக்கைக் கொங்காணியாக இட்டுக்கொண்டு, மின்விளக்கோடு மரங்களுக்கிடையே தோன்றினார். எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பையனைப் பார்த்தார், "முதலில் கூரை, பிறகு மற்றது, கூரையில்லாமல் இவனுக்கு எதைப் போர்த்தினாலும் நனையும்" என்றார். விரிப்பை அவிழ்த்துச் சுருட்டச் சொல்லி, எங்களை மேட்டின் மேற்குப் பக்கமாகக் கீழே நடத்திச் சென்றார். அங்கே தேனித் தோழன் மாலையிற் காட்டிய அதே பலாமரங்கள் நின்றன. மேடு காற்றைத் தடுத்தது. பள்ளத்தின் அடிக்கும் அவர் இறங்கவில்லை. தண்ணீரும் குளிர்ந்த காற்றும் இரவிற் பள்ளத்தையே தேடிச் செல்லும் என்று, சரிவின் நடுவே ஆமையோடு போல மேடிட்ட சிறு இடத்தைத் தெரிந்துகொண்டார். அதனைச் சுற்றி வாய்க்கால் வெட்டவேண்டிய தேவையே இல்லை. விழுந்த நீர் தானே வழிந்தோடிற்று.

இரு பலாமரங்களுக்கிடையே கயிற்றை என் இடுப்பளவு உயரத்திற் கட்டினார். "நிற்கவா போகிறோம்? படுக்கத்தானே!" என்றார். அவர் கயிற்றை இறுக்கிய வகையை இன்றும் கண்முன் காண்கிறேன். கயிற்றின் நடுவே உருவு சுருக்காக ஒரு கண் செய்து, நுனியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, அக்கண்ணுள் நுழைத்துப் பின்னோக்கி இழுத்தார். பாரம் ஏற்றிய லாரியின்மேல் தார்ப்பாயை இறுக்குவோர் செய்வது அதுவே. கப்பி பூட்டி இழுப்பதுபோல ஒருவன் இழுப்பு ஏறத்தாழ மூவர் இழுப்பாகிறது. உராய்வினால் சிறிது குறையும். யான் முன்பு போட்டிருந்த முடிச்சுகளோ நனைந்தபின் அவிழவும் இல்லை, இறுகவும் இல்லை. அவர் போட்டவை யாவும் நுனியைச் சுண்டினால் அவிழ்பவை.

விரிப்பின் 15 அடி நீளம் முகட்டின்மேலும், ஆறாறு அடி இருபுறச் சரிவாகவும் அமைந்தது. கிழக்குச் சரிவின் ஓரத்தை நிலத்தோடு நிலமாக அறைந்தார். மேற்கு ஓரத்தை ஒரு முழம் உயர்த்தி விட்டார். முளைகளைச் செங்குத்தாக அடிக்காமல், தலை கூரைக்குப் புறத்தே சாயும்படி அடித்தார். பிய்ந்துபோன மூலைக்கு என் செய்வது என்று யான் விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றபோது, அவர் கீழே குனிந்து நெல்லிக்காய் அளவான கூழாங்கல் ஒன்றை எடுத்து, விரிப்பின் மூலையில் வைத்து மடித்து, கல்லின் கழுத்திலே கயிற்றைச் சுற்றி இறுக்கினார். உலோகக் கண்ணைவிட அது வலுவாக நின்றது; ஏனெனில் இழுப்பு ஒரு துளையின் விளிம்பில் விழாமல், கல்லைச் சூழ்ந்த துணி முழுவதிலும் பரவுகிறது. முகட்டுக் கயிற்றின் வழியே நீர் வழிந்து உள்ளே வராதபடி, கூரைக்குச் சற்று வெளியே கயிற்றில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டார்; நீர் அந்நூலின் வழியே கீழே சொட்டிற்று. இவ்வளவும் கால்மணி நேரத்தில் நடந்தன. அவர் கை நடுங்கவே இல்லை.

பின்பு பையனின் நனைந்த ஆடைகளைக் களைந்து, பரணிலிருந்து கொணர்ந்த தம் கம்பளியைச் சுற்றி, அடியில் உலர்ந்த சாக்குகளை நாலு மடிப்பாக விரித்துப் படுக்கவைத்தோம். மேலே போர்ப்பதைக் காட்டிலும் கீழே விரிப்பது முக்கியம் என்பதை அன்றுதான் கண்டேன். ஈரநிலம் உடம்பின் சூட்டை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். யாங்கள் இருவர் அவனை இருபுறமும் ஒட்டிப் படுத்தோம். ஒருவன் அவன் கைகால்களைத் தேய்க்க முற்பட, பெரியவர் வேண்டாம் என்று தடுத்தார். அவர் சொன்னது சரியே; மருத்துவரும் அவ்வாறே கூறுவர். அவன் பேச்சுத் தெளிந்தபின், தம்மிடமிருந்த குடுவையிலிருந்து சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த காப்பியைச் சிறிது சிறிதாகக் குடிப்பித்தார். இரண்டு மணிக்கு அவன் என்னைப் பார்த்து, "அண்ணா, என் செருப்பு மேலேயே கிடக்கிறது" என்றான். அச்சொற்கள் எனக்கு எவ்வளவு இனித்தன என்பதை எவ்வாறு எழுதுவேன்!

விடியலில் மேட்டின்மேல் ஏறிப் பார்த்தோம். யாங்கள் முந்திய இரவு தலைவைத்த இடத்திலே தொடையளவு பருமனான சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து கிடந்தது. ஒருவரும் பேசவில்லை. ஓடை வடிந்தபின் ஆசிரியர் வந்தார். கூரையைச் சுற்றி நடந்து பார்த்து, எல்லாவற்றையும் கேட்டறிந்து, அன்று செடிகளைக் குறிக்க வேண்டிய சுவடியில் முடிச்சுகளை வரையும்படி எனக்கு மட்டும் பணித்தார். அவ்வேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. தேனித் தோழன் "நான் அப்போதே சொன்னேன்" என்று ஒருமுறையேனும் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் சொல்லவே இல்லை. இளையவனும் தன் அன்னையிடம் மழை பெய்தது என்பதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. யானும் கூறவில்லை. மூன்றாண்டுகள் அவ்வீட்டில் எனக்குப் பலகாரம் கிடைத்துவந்தது. ஒவ்வொரு முறையும் தொண்டையிற் சிக்கிற்று.

அப்பால் இவ்விஷயத்தில் எனக்கு ஒருவகைப் பித்தே பிடித்துவிட்டது. எம்மா கேட்வுட் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1955இல், தம் 67ஆம் வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், ஈராயிரம் மைலுக்கு மேற்பட்ட அத்தூரத்தை, தனியே நடந்து முடித்தார். கூடாரம் எடுத்துச் செல்லாமல் குளியலறைத் திரை ஒன்றையே மழைக்குக் கொண்டுசென்றார் என்று படித்தபோது, எங்கள் புதுத் தார்ப்பாயை எண்ணி நாணினேன். நைலான் துணி நனைந்தால் நெகிழ்ந்து தொய்யும், ஆகவே படுக்குமுன் ஒருமுறை மீண்டும் இறுக்கவேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. பாலித்தீனோ தொய்வது அரிது, ஆனால் வெயிலில் நாளடைவில் நொறுங்கும் என்பனவற்றையெல்லாம் தெரிந்துகொண்டேன். முகடு காற்றுக்கு நேராக இருக்கவேண்டுமா குறுக்காக இருக்கவேண்டுமா என்பது இத்துறையாரிடையே ஓயாத வழக்கு. நேராக வைத்தால் காற்றுக்கு எதிர்நிற்கும் பரப்புக் குறையும். ஆனால் திறந்த வாயிலூடே மழை நேரே புகும். அந்நிலையில் காற்று வரும் பக்கத்து முகட்டுமுனையை நிலத்தளவு தாழ்த்திவிடுவதே நன்று. குறுக்காக வைத்தால் காற்றுப்புறச் சரிவு நிலத்தோடு படிந்திருக்கவேண்டும். எதுவாயினும் முதலில் இடம், அடுத்துக் காற்று, அதன்பின் உயரம், கடைசியில்தான் வடிவம். யான் அன்று கடைசியிலிருந்து தொடங்கியவன். இடி மின்னலுக்கு மட்டும் எந்த வடிவமும் காப்பாகாது. அதற்கு வீட்டைத்தான் தேடவேண்டும்.

தாண்டிக்குடிக்குப் பின்னும் இருமுறை சென்றேன். அம்மலையிற் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் உள்ளன; பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்தவை. அவை உயிரோடிருந்தோர்க்குக் கட்டியவை அல்ல, இறந்தோர்க்கு எடுத்தவை. ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கும் அவற்றின் அருகே நின்று, கட்டியவர்களின் சொந்தக் கூரைகள் என்னவாயின என்று எண்ணிப் பார்த்தேன். புல்லும் இலையுமாக இருந்திருக்கும். காவற்காரப் பெரியவரை இரண்டாம் முறை காண முடியவில்லை. பரண் சரிந்து கிடந்தது.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலத்திற்கு முன்னர், கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறியது. அப்போது யான் ஒரு பள்ளியில் ஆசிரியன். ஒரு வாரம் கழித்து மாணவர் சிலருடன் வேதாரணியத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிற்குத் தார்ப்பாய் விரிப்புகளை எடுத்துச் சென்றேன். வேலைக்குச் சென்றிருந்த எங்கள் தெருப் பையனும், கேள்விப்பட்டு, விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். தென்னைகள் வேரோடும், நடுவே முறிந்தும், பார்த்த இடமெல்லாம் கிடந்தன. கீற்றுக்கூரைகள் போய், மண்சுவர்கள் மட்டும் நின்றன. பருவமழையோ முடியவில்லை.

ஒரு மூதாட்டியின் வீட்டிற்குக் கூரை கட்ட நின்றோம். யான் வடகிழக்கை அடைத்துத் தாழ்த்திக் கட்டவேண்டும் என்றேன். அவர், "தம்பி, அடுப்பு அந்தப் பக்கம். அடைத்தால் எங்கே பொங்குவேன்?" என்றார். பாலித்தீனுக்கு அடியில் தீ மூட்டினால் என்ன நேரும் என்பதை அவர் என்னினும் நன்கு அறிந்திருந்தார். முன்பு ஒருநாள் போல் ஏளனமாக விடைகூற எனக்கு நா எழவில்லை. நெடுநேரம் பேசினோம். முடிவில், படுக்கும் இடத்திற்கு ஓர் இருசரிவும், அடுப்பிற்குச் சுவரை ஒட்டி, தென்மேற்குப் பக்கமாக, கிடைத்த பழைய தகரத்தால் ஒரு சாய்ப்பும் என்று தீர்மானித்தோம். கூரை போட்டானதும் அவர் கிழிந்த மீன்வலை ஒன்றை இழுத்து வந்து, "இதை மேலே வீசுங்கள்" என்றார். கடற்கரையோரத்தில் கீற்றின்மேல் வலை போர்த்திக் கட்டுவது வழக்கம். வலையின் ஓரங்களில் உடைந்த செங்கற்களைக் கட்டித் தொங்கவிட்டோம். விரிப்புப் படபடப்பது நின்றது. என் நூலிலும் ஏட்டிலும் இல்லாத ஒன்று அது.

வலை போடுமுன் நடந்த ஒன்றை மறந்துவிட்டேன். ஒரு மூலையில் கண் பிய்ந்திருந்தது. மண்சுவர்மேல் உட்கார்ந்திருந்த பையன், "அண்ணா, ஒரு கல்" என்று கை நீட்டினான். யான் சுற்றிலும் தேடினேன். காவிரிக் கடைமடையில் கூழாங்கல் ஏது? மணலும் வண்டலுந்தான். அவன் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே கீழே குதித்து, புயல் உதிர்த்த தென்னங்குரும்பைகளில் ஒன்றைப் பொறுக்கி, விரிப்பின் மூலையில் வைத்து மடித்து, கழுத்திலே கயிற்றைச் சுற்றி இறுக்கினான். மூதாட்டியார் அதைப் பார்த்து, "காய்க்காமல் போனது இதற்காவது ஆயிற்றே" என்று சொல்லி, மற்றை மூன்று மூலைகளுக்கும் மூன்று குரும்பைகளைத் தம் மடியிலே பொறுக்கிக்கொண்டு வந்தார்.